மிஷின் டயாலிசிஸா, வயிற்று டயாலிசிஸா: மதுரைக்கு வெளியே இருப்பவர்கள் எப்படி முடிவு செய்வது?

"கிரியாட்டினின் 7.8 வந்திருக்கு. டயாலிசிஸ் ஆரம்பிக்கணும். வீட்ல கலந்து பேசிட்டு வாங்க" என்றார் டாக்டர். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் செயலிழக்கிறது என்று அர்த்தம். அம்மாவுக்கு அப்போது 58 வயது. சர்க்கரை வந்து 17 வருடம். எங்கள் ஊர் உசிலம்பட்டிக்குப் பக்கம். பஸ்ஸில் திரும்பி வரும்போது, இதில் கலந்து பேச என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. மிஷின் பக்கத்தில் படுக்க வைப்பார்கள், ரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள், அவ்வளவுதானே. பத்தாம் நாள் இரவு அம்மாவுக்கு மூச்சு முட்டியது. கால் இரண்டும் உரல் மாதிரி வீங்கிவிட்டன. கார் பிடித்து மதுரைக்கு ஓடினோம். விடிவதற்குள் கழுத்தில் குழாய் போட்டு முதல் டயாலிசிஸ் நடந்து முடிந்தது. எங்களைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை, கேட்கிற நிலையிலும் நாங்கள் இல்லை.

அம்மா 14 மாதம் மிஷினில் இருந்தார். பிறகு வீட்டிலேயே வயிற்றுக்குள் மருந்து நீர் விட்டு வடிக்கிற வயிற்று டயாலிசிஸுக்கு மாறி இப்போது மூன்றாவது வருடம் நடக்கிறது. இரண்டையும் கூடவே இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரைக்குள்ளேயே இருப்பவர்களுக்கும், வீட்டில் பொறுமையாகப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களுக்கும் மிஷின் நல்லது. 30, 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறீர்கள், வீட்டில் ஒருவர் தவறாமல் கை கழுவி நிதானமாகச் செய்வார் என்றால் வயிற்று டயாலிசிஸைப் பற்றி நீங்களாகவே வாய்விட்டுக் கேளுங்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்கு வழி இருந்தால் அது இரண்டையும் விட மேல்.

மிஷின் டயாலிசிஸை மருத்துவர்கள் ஹீமோடயாலிசிஸ் என்பார்கள். வழக்கமாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். உடம்பிலிருந்து ரத்தம் குழாய் வழியாக ஒரு வடிகட்டிக்குள் போய்த் திரும்பி வரும். வடிகட்டியின் மறுபக்கம் நிமிடத்துக்கு அரை லிட்டர் கணக்கில் மருந்து நீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 120 லிட்டர். இரண்டு நாளில் உடம்பில் சேர்ந்த உப்பும் யூரியாவும் தண்ணீரும் அந்த 4 மணி நேரத்தில் வெளியே போயாக வேண்டும். இப்படி வேகமாக இழுப்பதால்தான் சிலருக்குப் பாதியில் பிரஷர் இறங்கிவிடுகிறது, ஆடுசதை இழுக்கிறது. முடிந்து வந்தால் அன்று முழுக்க அடித்துப் போட்டதுபோல் படுத்திருப்பார்கள். எங்கள் அம்மா வாரத்தில் 3 நாள் டயாலிசிஸ், 3 நாள் படுக்கை, ஒரு நாள் மட்டும் மனுஷி.

இதில் பஸ் பயணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்குப் பெட் என்றால் 4 மணிக்கு எழ வேண்டும். அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றி, செக்கானூரணி தாண்டி ஆரப்பாளையம் வந்து, அங்கிருந்து ஆட்டோ. திரும்பி வர மதியம் 2 மணி ஆகிவிடும். கூடப் போகிற எனக்கும் அன்றைய கூலி போச்சு. வாரம் 3 நாள் வேலைக்கு வராதவளை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? டயாலிசிஸ் காப்பீட்டில் போய்விடும், பஸ்ஸும் ஆட்டோவும் கூலியும் போகாது. கணக்குப் போடும்போது இதை விட்டுவிடாதீர்கள். அப்புறம், மதுரைக்கு வரும் முன் உங்கள் தாலுகா அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு இருக்கிறதா, பெட் கிடைக்குமா என்று நேரில் போய் விசாரியுங்கள். பக்கத்திலேயே கிடைத்துவிட்டால் மிஷினுக்கு எதிராக நான் சொல்வதில் பாதி அடிபட்டுப் போகும்.

மிஷினில் இருப்பவர்களுக்குப் பெரிய சோதனை தாகம். சிறுநீர் குறையக் குறைய, குடிக்கிற ஒவ்வொரு டம்ளரும் அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே தங்கும். சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரை எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல், பானகம். "சாமி பேரச் சொல்லிக் குடுக்கிறாங்க, ஒரு மடக்கு தா" என்று அம்மா கேட்பார். இல்லை என்று சொல்ல என்னால் முடிந்ததில்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. அந்த நாளில் டயாலிசிஸ் விழுந்தால் முதல் நாளே நகரத்துக்குள் வந்து தங்கிவிடுங்கள். ஒரு முறை தவறவிட்டாலும் ஆபத்துதான். அதிலும் வாரக் கடைசியில் இரண்டு நாள் இடைவெளி வருகிறதே, சனிக்கிழமை முடித்தால் அடுத்தது செவ்வாய் என்று, அந்த இடைவெளிக்குப் பின்தான் மூச்சுத் திணறலும் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தாறுமாறாவதும் அதிகம். இளநீர், வாழைப்பழம், பழச்சாறு எல்லாம் அந்த இரண்டு நாளில் கட்டாயம் கூடாது. ஜிகர்தண்டாவும் அப்படித்தான். அதில் தண்ணீர்க் கணக்கும் உண்டு, பாலில் இருந்து வரும் பாஸ்பரஸும் உண்டு, கெட்டுப்போன சிறுநீரகத்தால் அதையும் வெளியேற்ற முடியாது.

உப்பில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்துப்பு நல்லது என்று நம்பி வாங்கிப் போடுகிறார்கள். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், தாகமும் வீக்கமும் அதே மாதிரிதான் வரும். 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் கலந்திருக்கும், சிறுநீரகம் போனவர்களுக்கு அது விஷம் மாதிரி. சாதாரண உப்பையே பாதியாகக் குறைத்து, கருவாடு, ஊறுகாய், அப்பளத்தை விட்டுவிடுவதுதான் வழி.

சரி, மிஷின் என்று முடிவாகிவிட்டால் முதல் வேலை கையில் ஃபிஸ்டுலா. மணிக்கட்டிலோ முழங்கை மடிப்பிலோ ஒரு தமனியையும் சிரையையும் இணைத்துத் தைப்பார்கள். அது தடித்து ஊசி தாங்கும் அளவுக்கு வர 6 முதல் 8 வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடும். டயாலிசிஸ் தேவைப்படும் முன்பே இதைச் செய்திருந்தால் அம்மாவுக்குக் கழுத்துக் குழாயே வேண்டியிருக்காது. அந்தக் குழாயில் தொற்று ஏறி, குளிரும் காய்ச்சலுமாக அவர் 11 நாள் கிடந்தார். இத்தனைக்கும் அதற்கு முந்தைய ஒரு வருடமாக மாதாமாதம் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டிக்கொண்டுதான் இருந்தோம். ஃபிஸ்டுலா என்ற வார்த்தையை அங்கே ஒருவரும் எங்களிடம் சொன்னதில்லை. அதனால் கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போகிற ஆள் வீட்டில் இருந்தால், வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு இடது கையில் ரத்தம் எடுக்கவோ குளுக்கோஸ் ஏற்றவோ இன்றைக்கே விடாதீர்கள். அந்த நரம்புகள் பின்னால் வேண்டும். ஃபிஸ்டுலா போட்ட பிறகு அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, இறுக்கமான வளையல் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. தினமும் காலையில் அதன் மேல் விரல் வைத்துப் பாருங்கள். தையல் மிஷின் தூரத்தில் ஓடுவது போல ஓர் அதிர்வு இருக்கும். அது நின்றுபோனால் அன்றைக்கே ஓட வேண்டும்.

அம்மா செய்கிற வயிற்று டயாலிசிஸில் மிஷினும் இல்லை, ரத்தம் வெளியே போவதும் இல்லை. நம் வயிற்றுக்குள் குடலைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அதையே வடிகட்டியாக வைத்துக்கொள்வது. தொப்புளுக்குப் பக்கத்தில் மென்மையான குழாய் ஒன்றைச் சின்ன ஆபரேஷன் செய்து வைப்பார்கள். புண் ஆற இரண்டு வாரம் போல விட்டுவிட்டு, அதன் வழியாக 2 லிட்டர் மருந்து நீரை உள்ளே விட வேண்டும். அது 4 முதல் 6 மணி நேரம் வயிற்றில் கிடந்து கழிவை இழுக்கும். பிறகு அதை வடித்துவிட்டுப் புதுப் பை. ஒரு நாளைக்கு 3 அல்லது 4 தடவை, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். இடைப்பட்ட நேரத்தில் நடக்கலாம், சமைக்கலாம், ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போடலாம். அம்மா இதெல்லாம் செய்கிறார்.

அம்மாவுக்கு இருந்த பயம் வேறு. "எனக்குத்தான் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் பண்ணிருக்கே, வயித்துல எப்படிப் போடுவாங்க?" என்றார். அது தடையில்லை. சிசேரியன் நடந்திருந்தாலும் அது ஒன்றே பெரும்பாலும் தடையாகாது. பெரிய வயிற்று ஆபரேஷன்கள் பல நடந்து உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தாலோ, சரிசெய்யாத குடலிறக்கம் இருந்தாலோ யோசிப்பார்கள்.

எங்கள் வீட்டில் சாயங்காலப் பை எப்படி மாறுகிறது என்று சொல்கிறேன். முன்பு நெல் மூட்டை அடுக்கிய உள்ளறையைச் சுண்ணாம்பு அடித்து இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். கோழி, நாய் உள்ளே வராது. மேசையைத் துடைத்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிடுவோம். மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் அரை மணி நேரம் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஆனால் காற்றில் பறக்கும் தூசிதான் இதில் முதல் எதிரி. எனக்கும் அம்மாவுக்கும் முகக்கவசம். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு வரை சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்தமான துண்டில் துடைக்க வேண்டும். குழாயின் வாயைத் திறந்து பையோடு இணைக்கிற அந்தச் சில விநாடிகள்தான் உயிர்நிலை. அப்போது பேசக் கூடாது, போன் அடித்தாலும் எடுக்கக் கூடாது. வடிந்து முடித்ததும் பழைய பையைத் தினசரித் தாள் மேல் வைத்துக் கீழே இருக்கும் எழுத்தைப் படித்துப் பார்ப்போம். அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பார். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் நல்லது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி எழுத்து மறைந்தால் வயிற்றுக்குள் தொற்று என்று அர்த்தம்.

இந்தத் தொற்றுதான் வயிற்று டயாலிசிஸின் பெரிய அபாயம். கலங்கல், வயிற்று வலி, காய்ச்சல் இவற்றில் ஒன்று வந்தாலும் அந்தக் கலங்கிய பையைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரும்பாலும் பையிலேயே ஆன்டிபயாடிக் கலந்து சரி செய்துவிடுவார்கள். நாள் கடத்தினாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ குழாயையே எடுக்க வேண்டி வரும். மேலூர்ப் பக்கம் இருக்கும் என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. அவருக்குக் கை நடுக்கம், சித்திக்குக் கண் பார்வை மங்கல், பிள்ளைகள் திருப்பூரில். ஒரே வருடத்தில் மூன்று முறை தொற்று. குழாயை எடுத்துவிட்டு மிஷினுக்கு மாற்றினார்கள். இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். அவருக்கு மிஷின்தான் சரி. முதலிலேயே வீட்டு நிலவரத்தை யாராவது கேட்டிருந்தால் அந்த மூன்று முறை வலியும் மிச்சம்.

சர்க்கரை நோயாளிகள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பையில் இருக்கும் நீர் குளுக்கோஸ் கலந்தது, அதுதான் உடம்பின் தண்ணீரை இழுக்கிறது. 1.5 சதவீதம், 2.5 சதவீதம் என்று வரும், வீக்கம் அதிகம் என்றால் அடர்த்தியான பையைச் சொல்வார்கள். அந்தக் குளுக்கோஸில் ஒரு பங்கு ரத்தத்துக்குள் போய்விடும். அம்மாவுக்கு இன்சுலின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது, எடையும் ஏறியது. அதோடு ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் புரதம் வெளியே போகிறது. டயாலிசிஸுக்கு முன்பு "பருப்பைக் குறை, கறியைக் குறை" என்று சொல்லியிருப்பார்கள். டயாலிசிஸ் ஆரம்பித்த பின், மிஷினோ வயிறோ, புரதம் கூடுதலாக வேண்டும். இது தெரியாமல் பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு ஆளை எலும்பும் தோலுமாக ஆக்கிவிடுகிறார்கள். அம்மாவுக்குத் தினம் முட்டை வெள்ளைக்கரு, வாரம் இரண்டு நாள் மீன்.

இதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்று கேட்டால், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தமாவதால் தண்ணீரிலும் பொட்டாசியத்திலும் அவ்வளவு கெடுபிடி இல்லை. மிச்சம் இருக்கும் சிறுநீரும் மிஷினில் இருப்பவர்களை விட அதிக நாள் நீடிக்கிறது. போன சித்திரையில் அம்மா நீர்மோர் குடித்தார், முழு டம்ளர். மதுரைக்கு மாதம் ஒரு முறை போனால் போதும். நான் மறுபடி வேலைக்குப் போகிறேன், மதியப் பையை மதினி பார்த்துக்கொள்கிறார்.

இடம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். நாளைக்கு 4 பை, பைக்கு 2 லிட்டர் என்றால் மாதம் 120 பை, 240 கிலோவுக்கு மேல். ஒழுகாத, வெயில் படாத அறை வேண்டும். ஒற்றை அறை வாடகை வீட்டில் நான்கு பேர் இருப்பவர்களுக்கு இது முடியாத காரியம். குளிப்பதும் வாளித் தண்ணீரில்தான். கண்மாய், கிணறு, அழகர்மலைத் தீர்த்தமான நூபுர கங்கை எதிலும் முங்கக் கூடாது.

எது ஆயுளைக் கூட்டும் என்று கேட்பவர்களுக்கு: மொத்தத்தில் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஹாங்காங்கில் 1985 முதலே வயிற்று டயாலிசிஸைத்தான் முதலில் கொடுக்கிறார்கள், யாரும் அதை இரண்டாந்தரம் என்று நினைப்பதில்லை. நம் ஊரில் அது தெரியாமல் இருப்பதுதான் குறை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், மிஷின் டயாலிசிஸ் அதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள், அவசரத்தில் அலைய முடியாது. வயிற்று டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பகுதி. பதிவு செய்ய உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, பனகல் சாலையில் உள்ள அரசு ராஜாஜி மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவிலோ கேளுங்கள்.

மாற்றுச் சிறுநீரகம் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடே குறையாகிவிடும். இதயமும் உடம்பும் தாங்குகிற வயதினருக்கு அதுதான் நீண்ட ஆயுளும் சாதாரண வாழ்க்கையும் தருகிறது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப் பிள்ளைகள் ஆகியோர் சட்டப்படி நெருங்கிய உறவினர்கள், அவர்கள் கொடுக்கலாம். கொடுப்பவர் ஒரு சிறுநீரகத்தோடு நலமாக வாழ முடியும், அதை உறுதி செய்யத்தான் அத்தனை பரிசோதனைகள். உறவில் இல்லையென்றால் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் மருத்துவமனை மூலம் பதிய வேண்டும். டயாலிசிஸில் இருந்துகொண்டே பதியலாம், பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். மாற்றிய பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை வாழ்நாள் முழுக்க மணி தவறாமல் சாப்பிட வேண்டும், ஒரு வேளை கூட விடக் கூடாது.

தம்பி கொடுக்க முன்வந்தான். அம்மா மறுத்துவிட்டார். "உன் உடம்பக் கீறித்தான் நான் பொழைக்கணுமாக்கும்" என்று மூன்று நாள் சாப்பிடவில்லை. அதற்கு மேல் நாங்கள் வற்புறுத்தவில்லை. ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நம் நாட்டில் சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்கள் அதிகம், பெறுபவர்களில் ஆண்கள் அதிகம். அப்பாவுக்கு வந்திருந்தால் அம்மா மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பார். தனக்கு என்று வரும்போது எத்தனை அம்மாக்கள் வாங்கிக்கொள்கிறார்கள்?

நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றிப் பேசவே வீடுகளில் பயப்படுகிறார்கள். எங்கள் அப்பத்தாவுக்கு 86 வயதில் சிறுநீரகம் செயலிழந்தது. இதயம் பலவீனம், நினைவும் தப்பிவிட்டது, படுக்கையிலிருந்து எழ ஆள் வேண்டும். டயாலிசிஸ் செய்தால் எவ்வளவு நாள் கூடும், அந்த நாள் எப்படி இருக்கும் என்று டாக்டரிடம் நேராகக் கேட்டோம். அவரும் நேராகச் சொன்னார். டயாலிசிஸ் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதற்காகச் சிகிச்சையே இல்லாமல் விட்டுவிடவில்லை. வீக்கத்துக்கும் மூச்சு வாங்குவதற்கும் அரிப்புக்கும் வாந்திக்கும் மருந்து உண்டு, வலி தணிப்புச் சிகிச்சைக்கு வீட்டுக்கே நர்ஸ் வந்தார். ஐந்து மாதம் இருந்தார். வீட்டுத் திண்ணையில், தெரு பார்த்த கட்டிலில். மிகவும் வயதாகி உடம்பு தளர்ந்தவர்களுக்கு இதையும் ஒரு தேர்வாக வைத்துப் பேசுங்கள், ஊர் என்ன சொல்லும் என்பதற்காக ஊசியும் குழாயுமாக அலைக்கழிக்காதீர்கள்.

அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எங்களுக்கு இன்னும் எத்தனை மாதம் அவகாசம் இருக்கிறது? வயிற்று டயாலிசிஸுக்கு இவர் தகுதியா, இல்லையென்றால் ஏன்? மிஷின் என்றால் ஃபிஸ்டுலா எப்போது? ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசியை இப்போதே தொடங்கலாமா? மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் எங்கே பதிவது? மூட்டு வலிக்கு இவர் மெடிக்கல் கடையில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரையின் அட்டையையும், நாட்டு மருந்துப் பொட்டலம் ஏதாவது இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள், அவற்றில் சில சிறுநீரகத்தையே கெடுக்கும். எங்கள் அம்மா இரண்டு வருடம் சாப்பிட்ட வலி மாத்திரை எங்கள் கைப்பையிலேயே இருந்தது. நாங்களும் காட்டவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.